டீ-லைட்டா, சி+சி-யா? 1990-இன் இரண்டு ஆட்டப் பாட்டுகள்

டீ-லைட் குழுவின் ‘க்ரூவ் இஸ் இன் தி ஹார்ட்’, சி+சி மியூசிக் ஃபேக்டரியின் ‘கோன்னா மேக் யூ ஸ்வெட்’. இரண்டும் 1990-இல் வந்தவை. அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் வென்றது பின்னது: 1991 பிப்ரவரியில் முதலிடம். டீ-லைட் 4-ஆம் இடத்தோடு நின்றது. ஆடுகளத்தில் எங்கள் ஓட்டு டீ-லைட்டுக்கே.

காரணம் அதன் பேஸ், அதாவது அடியில் ஒலிக்கும் கனத்த கீழ்ஸ்தாயி இசை. ‘ப்ளோ-அப்’ (1966) படத்துக்கு ஹெர்பி ஹான்காக் அமைத்த ‘பிரிங் டவுன் தி பேர்ட்ஸ்’ இசையிலிருந்து எடுத்த சாம்பிள் (பழைய பதிவின் துண்டு) அது. ட்ரம், வெர்னன் பர்ச்சின் ‘கெட் அப்’ பாட்டிலிருந்து வந்தது. கூடவே ஃபங்க் இசைக்கலைஞர் பூட்சி காலின்ஸ், ராப்புக்கு கியூ-டிப், ஊதுவதற்கு ஜேம்ஸ் பிரவுனிடம் வாசித்த மேசியோ பார்க்கரும் ஃப்ரெட் வெஸ்லியும். ஆள் வாசித்த ட்ரம் என்பதால் அடிகள் அளவெடுத்தாற்போல் விழுவதில்லை; அந்தச் சின்ன ஊசலாட்டம்தான் இடுப்பை அசைக்கிறது.

கிளிவியேஸ், கோல் இருவரும் உருவாக்கிய சி+சி பாட்டில் தாளம் மெஷினுடையது: நேராக, கனமாக விழும். அதன் பலம் மார்த்தா வாஷின் குரல். வீடியோவில் அந்தக் குரலுக்கு வாயசைத்தவர் ஸெல்மா டேவிஸ். வாஷ் வழக்குத் தொடுத்துத்தான் தன் பெயரை மீட்க வேண்டியிருந்தது. அந்த அநியாயத்தைச் சொல்லாமல் இந்தப் பாட்டைப் பாராட்ட முடியாது.

டிஜே-யாக இரண்டையும் அடுத்தடுத்துப் போடுவதென்றால் சி+சி முதலில். அது நிமிடத்துக்குச் சுமார் 114 பீட், டீ-லைட் சுமார் 121. வரிசையை மாற்றினால் வேகம் இறங்கி, ஆடுபவர்கள் தளர்ந்துவிடுவார்கள். பிட்ச் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) ±8% உள்ள டர்ன்டேபிளில் சி+சி-யை மட்டும் 6% ஏற்றினாலே வேகம் பொருந்தும். ஆனால் சுருதி ஏறத்தாழ அரை ஸ்வரம் கூடி, வாஷின் கனத்த குரல் மெலிந்துபோகும். சி+சி-க்கு +3%, டீ-லைட்டுக்கு -3% வையுங்கள், இரண்டும் 117.4 அருகே சந்திக்கும்.

அப்போதும் நீளமாகக் கலக்க வேண்டாம். நேரான மெஷின் தாளமும் ஊசலாடும் ட்ரம்மும் எட்டு பாருக்கு (ஒரு பார் நான்கு அடி) மேல் சேர்ந்து ஓடினால் ஹை-ஹாட் (ட்ரம் செட்டின் ஜோடித் தட்டு) இரட்டை இரட்டையாகக் கேட்கும். இரண்டு பேஸும் ஒன்றாகத் திறந்திருந்தால் அடியில் வெறும் உறுமல்தான் மிஞ்சும். ஆகவே சி+சி-யின் பேஸை முழுதாக இறக்கிவிட்டே மற்றதைத் திறக்க வேண்டும். டீ-லைட்டின் தொடக்கப் பேச்சில் பிடித்துக்கொள்ளத் தாளம் இல்லை. பேஸ் நுழையும் முதல் அடியில் ஊசியை நிறுத்தி, அங்கிருந்து விடுங்கள்.