என் அட்டையை எனக்கே விற்ற கதை

பழைய காமிக்ஸ் அட்டைகளும் அவற்றில் வந்த விளம்பரங்களும் சேர்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, புத்தகம் இல்லாமல் அட்டையை மட்டும் தனியாக வாங்குகிறவர்களுக்காக. போன மாதம் நான் ஏமாந்தேன். ஏமாந்ததுகூடப் பரவாயில்லை. என்னை ஏமாற்றப் பயன்பட்ட சரக்கே நான் கொடுத்ததுதான்.

என்னிடம் ஓர் அமெரிக்கத் திகில் காமிக்ஸின் அட்டை இருக்கிறது. உள்ளே இருந்த பக்கங்கள் எங்கே போயினவோ, அட்டை மட்டும் தப்பிப் பிழைத்து வந்து சேர்ந்தது. விலை 10 சென்ட் என்று போட்டிருக்கிறது. 1955 முதல் அங்கே பெரும்பாலான காமிக்ஸ் அட்டைகளில் ‘காமிக்ஸ் கோடு’ (பதிப்பகங்கள் தங்களுக்கே வகுத்துக்கொண்ட தணிக்கை விதி) முத்திரை வரத் தொடங்கியது. இதில் அது இல்லை. ஆகவே அதற்கு முந்தையது. முன்பக்கத்தில் கல்லறை மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு கை. பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்தக் கையைத்தான் சிலாகிப்பார்கள். எனக்குப் பிடித்தது பின்பக்கம்.

பின்னட்டை முழுக்க ஓர் அஞ்சல்வழி விளம்பரம். ஒல்லிப்பிச்சான்களைப் பயில்வானாக்குகிறோம் என்கிற ரகம். அஞ்சல்வழி உடற்பயிற்சி விற்ற அமெரிக்கப் பயில்வான் சார்லஸ் அட்லஸ் புகழ்பெறச் செய்த பாணி. அடியில், வெட்டி அனுப்ப ஒரு கூப்பன். அந்தக் கூப்பனில் எவனோ ஒரு பையன் பென்சிலால் தன் பெயரை எழுதத் தொடங்கி மூன்று எழுத்தோடு நிறுத்திவிட்டான். மூன்றாவது எழுத்தில் பென்சில் முனை உடைந்திருக்கிறது. கோடு பாதியில் முறிந்து, பக்கத்தில் ஒரு கரும்புள்ளி தெறித்திருக்கும். அம்மா கூப்பிட்டாளோ, அனுப்பக் காசில்லை என்று நினைவு வந்ததோ, அட்டையை வெட்ட மனசு வரவில்லையோ. அந்தப் பையன் பயில்வானாகாததால் அட்டை முழுசாக எனக்குக் கிடைத்தது.

நான்கு வருடத்துக்கு முன்பு இதன் இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐ-யில், அதாவது அச்சிடும் அளவுக்குத் துல்லியமாக, ஸ்கேன் செய்து, தெரிந்த சேகரிப்பாளர்கள் எல்லாருக்கும் கொடுத்தேன். பெயர் போடவில்லை, குறி எதுவும் வைக்கவில்லை. அட்டையின் உட்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்யவில்லை. அங்கே செலோடேப் பழுத்துக் கறையாகியிருந்தது, அசிங்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அந்தச் சோம்பல்தான் பிற்பாடு எனக்குக் கை கொடுத்தது.

சரி, கதைக்கு வருகிறேன். பழைய அச்சுப் பொருட்கள் விற்கும் ஒருவர் எனக்குப் படம் அனுப்பினார். அதே அட்டை. ஆனால் என்னுடையதைப் போல முதுகு கிழியாமல், மூலை மடங்காமல், நிறம் மங்காமல். “யாரும் படிக்காமல் கட்டோடு கிடந்த சரக்கு சார்” என்றார். பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, கொஞ்சம் சாய்த்து எடுத்த படம். பாதி அட்டையில் விளக்கு வெளிச்சம் அடித்திருந்தது. பின்பக்கப் படம் கேட்டேன். “அதே பயில்வான் விளம்பரம்தான் சார். உறையிலிருந்து எடுத்தால் ஓரம் நசுங்கிவிடும், வேண்டாம்” என்றார். பொருளை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாரே என்று அப்போது எனக்கு மரியாதை வந்தது. இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

பணம் அனுப்பும்போது இன்னொன்று சொன்னார். “விற்பனை என்று போடாதீர்கள், நண்பருக்கு அனுப்புவதுபோல அனுப்புங்கள். கமிஷன் மிச்சமாகும், அதை விலையில் குறைத்துக்கொள்கிறேன்.” குறைத்தார். அப்படி அனுப்பிய பணத்துக்கு, வாங்கியவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் செய்தேன்.

பொட்டலம் வந்தது. பிரித்த அன்று சந்தோஷம்தான். மறுநாள் பகல் வெளிச்சத்தில் என் பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று எடுத்தேன். புதியதைத் திருப்பினால் கூப்பனில் மூன்று எழுத்து. மூன்றாவது எழுத்தில் உடைந்த கோடு. பக்கத்தில் கரும்புள்ளி.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு விரலால் தடவினேன். என் அட்டையில் பையன் அழுத்தி எழுதியிருப்பதால் காகிதம் பள்ளமாகியிருக்கிறது. சாய்வான வெளிச்சத்தில் உட்பக்கத்திலேகூட மேடு தெரியும். புதியதில் வழவழ என்று இருந்தது. கிழிசலையும் மடிப்பையும் கணினியில் பொறுமையாகத் துடைத்தவர், பென்சில் எழுத்தை அச்சின் பகுதி என்று நினைத்து விட்டுவிட்டார் போலிருக்கிறது.

அதன் பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். லென்ஸ் வழியாக எடுத்த படத்தை வாங்குவதற்கு முன்பே அவரிடம் கேட்டிருக்கவேண்டும். அந்தக் காலத்து நான்கு வண்ண அச்சில் நிறங்கள் ஒழுங்கான வரிசையில் நிற்கும் புள்ளிகளாக இருக்கும். ஆனால் ஓவியனின் கறுப்புக் கோடு புள்ளியாக இருக்காது. கெட்டியான கறுப்பு மையாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். ஸ்கேனிலிருந்து திரும்ப அச்சிட்டால் அந்தக் கறுப்பும் ஒரு படம்தானே, அதுவும் பல நிறத் துகள்களாகச் சிதறிவிடும். எனக்கு வந்ததில் கல்லறைக் கையின் கோட்டு விளிம்பில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் தூவியதுபோல இருந்தது. இங்க் ஜெட் வேலை. நிறம் கோட்டுக்கு வெளியே வழிந்திருப்பதைப் பார்த்துப் பழைய அச்சு என்று நம்பாதீர்கள். பழைய அச்சில் வழிந்திருந்தால் ஸ்கேனிலும் வழிந்தபடியேதான் வரும்.

மடிப்பில் ஸ்டேப்ளர் பின் குத்திய இரண்டு துளை தெரிந்தது, சுற்றிலும் துருக்கறையோடு. ஊசியை விட்டுப் பார்த்தேன், போகவில்லை. துளையின் படம் இருந்தது, துளை இல்லை!

இத்தனையும் நான் அவரிடம் சொன்னபோது வந்த பதிலைக் கேளுங்கள். “அந்தக் காலத்தில் நிறையப் பையன்கள் கூப்பனில் பெயர் எழுதியிருப்பார்கள் சார்.” எழுதியிருப்பார்கள். எல்லாருக்குமா அதே எழுத்தில் பென்சில் உடையும்?

ஆனால் அவர் வாயை அடைத்தது பென்சில் இல்லை, உட்பக்கம். நான் ஸ்கேன் கொடுக்காத பக்கம். காமிக்ஸ் அட்டை என்பது ஒரே தாள், இரண்டாக மடித்தால் நான்கு பக்கம். அட்டையின் உட்பக்கங்களிலும் பெரும்பாலும் விளம்பரம்தான் வரும். அவரிடம் என் அட்டையின் உட்பக்கம் இல்லாததால் வேறு ஏதோ ஒரு இதழிலிருந்து ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து போட்டிருந்தார். அந்த விளம்பரத்தின் முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு (நம் பின்கோடு போன்ற அஞ்சல் எண்) இருந்தது. அமெரிக்காவில் ஜிப் கோடு அறிமுகமானது 1963 ஜூலையில். அதற்கு முன்பு, 1943 முதல், பெரிய நகரங்களுக்கு மட்டும் ஒன்றிரண்டு இலக்க மண்டல எண் இருந்தது. ‘நியூயார்க் 10’ என்பதுபோல நகரத்தின் பெயரை ஒட்டி வரும். முன்பக்கம் 1955-க்கு முந்தையது, உள்ளே 1963-க்குப் பிந்தையது. ஒரே தாள் எப்படி இரண்டு காலத்தில் இருக்கும் என்று கேட்டேன்.

இதைத்தான் விளம்பரம் சேர்க்கிறவர்களை அட்டை சேர்க்கிறவர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கும்போதெல்லாம் சொல்லத் தோன்றும். முன்பக்கத்து ஓவியம் காலத்தைப் பற்றி எந்தப் பொய்யையும் சொல்லலாம். விளம்பரத்து முகவரிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்த முகவரிகளில் ‘துறை எண்’ என்று ஒன்று வருமே, அதுகூட அலங்காரம் இல்லை. எந்தப் பத்திரிகையிலிருந்து கூப்பன் வந்தது என்று கம்பெனி கணக்கு வைத்துக்கொள்வதற்கான குறி. ஒரே விளம்பரத்தின் இரண்டு பிரதிகளைப் பிரித்தறிய இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

ஜிப் கோடு பற்றி அவர் பதில் சொல்லவில்லை. பேச்சை மாற்றினார். “நான் எங்கேயாவது ஒரிஜினல் என்று சொன்னேனா சார்?” பழைய செய்திகளை எல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். சொல்லவில்லை! ‘பழைய காமிக்ஸ் அட்டை’, ‘அரிய படம்’, ‘அருமையான நிலை’, ‘கட்டோடு கிடந்தது’. எல்லாம் இருக்கிறது, அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லை. இது தற்செயலாக அமைவது இல்லை. அப்புறம் என் எண்ணை முடக்கிவிட்டார். பணம் வரவில்லை.

நகல் அச்சிடுவதில் எனக்குக் கோபம் இல்லை. நகல் என்று சொல்லி விற்றால் நானே வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவேன். நகலை அசலாக்கும் வித்தையும் புதிது அல்ல. 1974-இல் டிசி நிறுவனம், சூப்பர்மேன் அறிமுகமான 1938-ஆம் ஆண்டு இதழை நியாயமாகவே மறுபதிப்பாக, பெரிய அளவில், மேலே ஒரு தனி அட்டை போட்டு வெளியிட்டது. அந்த மேலட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதை 1938-இன் அசல் என்று விற்றவர்கள் உண்டு. ஓர் அளவுகோல் இருந்தால் அந்தப் பொய் அங்கேயே முடிந்தது: மறுபதிப்பு அசலைவிட நன்றாகப் பெரிது. அந்தக் கால அசல் ஏறக்குறைய ஏழே முக்கால் அங்குல அகலம். பிற்பாடு காமிக்ஸ் குறுகிக்கொண்டே வந்தது.

பழுப்பு நிறத்தையும் நம்பாதீர்கள். மரக்கூழில் இருக்கும் லிக்னின், காற்றும் வெளிச்சமும் பட்டுத் தாளைப் பழுக்கவைக்கிறது. அதனால் பழுப்பு பொதுவாக ஓரத்திலிருந்துதான் உள்ளே நகரும். என் போலி நடுவிலும் ஓரத்திலும் ஒரே சீராகப் பழுத்திருந்தது. புற ஊதா விளக்கில் வெளுத்த வேட்டிபோல நீலமாக மின்னியது. அப்படி மின்னவைப்பது தாளில் சேர்க்கும் வெண்மையூட்டி. அது 1950-ஐ ஒட்டித்தான் பரவலாயிற்று. ஆகவே 1930, 40களின் சரக்கு என்று யாராவது கொடுத்து, அது மின்னினால் திருப்பிக் கொடுங்கள். 50களின் அட்டைக்கு இந்தச் சோதனை ஒன்றே போதாது.

இப்போது நான் வாங்குவதானால் உறையை விட்டு வெளியே எடுத்த படம் நான்கு பக்கத்துக்கும் கேட்கிறேன். ஒரு பக்கவாட்டு வெளிச்சப் படமும், பக்கத்தில் அளவுகோலும் வேண்டும். ‘அசல், அந்தக் காலத்திலேயே அச்சானது’ என்று எழுதித் தரச் சொல்கிறேன். எழுதித் தர யோசிக்கிறவரிடம் பேச்சை முடித்துக்கொள்கிறேன். ஸ்கேன் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் முழு அளவில் கொடுப்பதில்லை, கிழிசலையும் கறையையும் துடைத்துக் கொடுப்பதும் இல்லை. ஒரு பக்கத்தை எப்போதும் என்னிடமே வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் ஒரு நண்பர், வாங்கலாமா என்று கேட்டு ஒரு படம் அனுப்பினார். பிளாஸ்டிக் உறை, சாய்ந்த கோணம், பாதி வெளிச்சம், கல்லறையிலிருந்து நீளும் கை. உங்களுக்கும் வரலாம். பின்பக்கத்தைக் கேளுங்கள். கூப்பனில் பென்சிலால் மூன்று எழுத்து இருந்து, மூன்றாவதில் கோடு முறிந்து, பக்கத்தில் ஒரு கரும்புள்ளியும் இருந்தால் அதன் அசல் என் அலமாரியில் இருக்கிறது.