தேமாத் தடி: மணலிலா, தண்ணீர்ப் போத்தலிலா, பதியத்திலா?

திருகோணமலையில் மழை தொடங்கும்போது வேலிக்குக் கதியால் ஊன்றுவது வழக்கம். கிளுவையும் பூவரசும் அந்த ஈரத்திலேயே துளிர்த்துவிடும். அதே கையோடு தேமாக் கொப்பொன்றையும் முறித்து ஈரமண்ணில் குத்திவிடுகிறவர்கள் பலர். சில வாரங்களில் அடி கறுத்துக் கூழாகிவிடும். தேமா (அரலியா என்றாலும் இதுதான்) தண்டுக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும் மரம். வேர் வரும்வரை அந்தச் சேமிப்பிலேயே அது உயிர்பிடித்து நிற்கும். வெளியிலிருந்து வரும் அதிக ஈரம்தான் அதைக் கொல்கிறது. ஆகவே வேர்விட வைக்கும் வழிகளை ஒப்பிடும்போது முதலில் கேட்கவேண்டியது, எது அழுகலைத் தடுக்கிறது என்பதுதான்.

மாசியா, ஐப்பசியா

குளிர்நாட்டுத் தோட்டக் குறிப்புகள் வசந்தகாலத்தில் வெட்டச் சொல்லும். அங்கே மண் சூடேறுவதற்காகக் காத்திருக்கிறார்கள். இங்கே மண் எப்போதும் சூடுதான்; நாம் காத்திருப்பது மழை விடுவதற்கு. வாடைமழை ஓய்ந்து கச்சான் காற்று இன்னும் எழாத மாசி, பங்குனிதான் நமக்கு ஏற்ற காலம். வெட்டுவாய் சீக்கிரம் காயும், தடியும் சுருங்காது. வைகாசிக்குப் பிறகும் செய்யலாம். ஆனால் கச்சான் தடியை வற்றவைக்கும், நிழல் கட்டாயம். ஐப்பசி முதல் மார்கழி வரை தடி வெட்டாமல் இருப்பதே நல்லது. அந்த மாதங்களுக்குப் பொருந்துவது பதியம் (கொப்பை மரத்திலிருந்து வெட்டாமலே வேர்விட வைப்பது) மட்டும்தான்.

எல்லாத் தேமாவும் ஒன்றல்ல

இலை நுனி கூராக இருந்து, சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்களில் பூப்பது புளுமேரியா ரூப்ரா. இது நன்றாக வேர்விடும். இலை நுனி வட்டமாய், கரும்பச்சையாய், வெள்ளைப் பூவோடு நிற்பது ஒப்டூசா. ஆண்டின் பெரும்பகுதி இலையோடு அழகாக இருக்கும், ஆனால் வேர்விடச் சுணங்கும், அழுகலும் கூடுதல். தலை அகன்று இடை ஒடுங்கிய இலையுள்ள புடிக்கா மிகச் சுலபமானது. ஓயாமல் வெள்ளையாகப் பூக்கும். மணம் மட்டும் கிடையாது. மணத்துக்காக வளர்க்கிறவர் நாற்றுக் கடையில் இதை வாங்கி ஏமாறவேண்டாம்.

மணற்கலவை: பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும்

பெருவிரல் தடிப்பில், பட்டை சாம்பல் நிறமாக முற்றிய கொப்பை 30 முதல் 45 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். பச்சைத் தண்டு அழுகும். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். வடியும் பால் தோலை எரிக்கும், கண்ணில் படவே கூடாது. கையை உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பூங்கொத்தையும் இலைகளையும் நீக்கிவிடுங்கள். இலையைப் பிய்த்து எடுக்காமல் காம்பில் அரை அங்குலம் விட்டு வெட்டினால், மிச்சக் காம்பு தானே காய்ந்து விழும், தண்டில் காயம் வராது. இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாகத் துருநோய் இருந்தால் அந்தத் தடியைக் கழிக்கத் தேவையில்லை. துரு தங்குவது இலையில்தான்; இலைகளைப் பொறுக்கி எரித்தால் போதும்.

பிறகு காற்றோட்டமான நிழலில் 7 முதல் 14 நாள் வரை காயவிடுங்கள். வெட்டுவாய் வெளிறி, கட்டியாகி, நகத்தால் அழுத்தினால் பதியாத நிலைக்கு வரவேண்டும். முழு வேலையிலும் பொறுமை வேண்டிய இடம் இதுதான். வேர்விடும் ஹோமோன் தூள் தொட்டால் கெடுதல் இல்லை, ஆனால் காயாத வெட்டுவாயை எந்தத் தூளாலும் காப்பாற்ற முடியாது.

கலவைக்குப் பருமணல் இரண்டு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வாசலிலேயே மணல் கிடக்கிறதே என்று கடல்மணலை அள்ளவேண்டாம்: உப்பு ஒன்று, மணி நுணுக்கமாக இருந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. வீடு கட்டுமிடத்தில் பூச்சுக்கு ஆற்றுமணல் அரிக்கும்போது சல்லடையில் தங்கும் குறுணியைக் கேட்டு வாங்குங்கள். கொத்தனார் எறிந்துவிடும் அந்தக் குறுணிதான் தேமாவுக்கு முதல்தரம். தும்புத்தூளையும் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், அதிலும் உப்பு இருக்கும். சாணம், கொம்போஸ்ட் எதுவும் இப்போது சேர்க்கவேண்டாம்.

எட்டு அங்குலச் சாடியில் தடியை 7 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு நட்டு, குச்சி ஊன்றி இரண்டு இடத்தில் கட்டுங்கள். கட்டாத தடி காற்றில் ஆடும். ஆடும்போதெல்லாம் புது வேர்நுனி முறியும். இரண்டு மாதமாகியும் வேர் இல்லையே என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இந்த ஆட்டம்தான். நட்டதும் ஒருமுறை வடிய வடியத் தண்ணீர் விடுங்கள். அதன்பின் இரண்டு விரற்கடை ஆழம் வரை காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். காலை வெயில் படட்டும், உச்சி வெயில் வேண்டாம். கறுப்புச் சாடியைச் சீமெந்துத் தளத்தில் நேரே வைத்தால் வேர் வெந்துபோகும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர்பிடிக்கும். நுனியில் சிறு இலை கண்டதும் வேர் வந்துவிட்டதென்று எண்ணவேண்டாம், அது சேமிப்பிலிருந்து வரும் இலை. இலைகள் முழு அளவுக்கு விரிந்து நின்றால்தான் வேர் வேலை செய்கிறது. இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். வேருக்கு முன் பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள். தடி சுருங்கியிருந்தாலும் அழுத்தினால் உறுதியாக இருக்குமானால் பயமில்லை. அடி மெதுமெதுப்பானால் உடனே பிடுங்கி, உள்ளே ஒரு பழுப்புப் புள்ளியும் இல்லாத வெள்ளைத் தசை தெரியும்வரை வெட்டி, மறுபடி காயவிடுங்கள். 20 செ.மீ. மிஞ்சினாலும் நடலாம்.

தண்ணீர்ப் போத்தல்

வேர் வருவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. காய்ந்த தடியை 5 செ.மீ. தண்ணீரில் நிறுத்தவேண்டும். நம் ஊர் வெக்கையில் தண்ணீர் சூடாகி, அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைந்து, அழுகல் தொடங்கும். ஆகவே இரண்டு நாளுக்கொருமுறை மாற்றவேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிடுவதும் இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரில்தான். முட்டை போத்தலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, உள்ளே தேய்த்துக் கழுவவேண்டும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வரும் நாளில் முற்றத்தில் போத்தல் வரிசை நிற்பது நல்லதுமல்ல. இவ்வளவும் செய்து வரும் வேர் கண்ணாடிபோல் முறியும், மண்ணுக்கு மாற்றும்போது பாதி போய்விடும். 2 செ.மீ. நீளத்திலேயே மாற்றினால் இழப்புக் குறையும். புடிக்காவுக்கு இந்த வழி சரிவரும். ஒப்டூசாவுக்கு வேண்டவே வேண்டாம்.

காற்றுப் பதியம்

கொப்பு தாய்மரத்தில் இலையோடு இருந்தபடியே தண்ணீர் பெறுவதால் வாடாது, மழைமாதத்திலும் செய்யலாம். பட்டையை 2 முதல் 3 செ.மீ. அகலத்துக்கு வளையமாக நீக்கி, பால் நின்று காய ஒன்றிரண்டு நாள் விடுங்கள். பிறகு நனைத்து இறுகப் பிழிந்த தும்பை ஒரு கைப்பிடி வைத்து, பொலித்தீனால் சுற்றி இரு முனையும் கட்டுங்கள். மேல்முனைக் கட்டு இறுக்கமாக இல்லாவிட்டால் மழைநீர் வழிந்து இறங்கி, பதியமும் அழுகும். இரண்டு மூன்று மாதத்தில் வேர் தெரியும். ஒரு கொப்புக்கு ஒரு கன்றுதான், கொப்பும் பாரமானதால் முட்டுக் கொடுக்கவேண்டும். எளிதில் வேர்விடாத ஒப்டூசாவுக்கும், பூக்கும் பருவத்திலுள்ள தடித்த கொப்புக்கும் இந்தச் சிரமம் தகும். சாதாரண மஞ்சள்-வெள்ளைத் தேமாவுக்குத் தேவையில்லை.

விதையும் ஒட்டும்

மாலையில் மணம் கூட்டிப் பெரிய அந்துப்பூச்சிகளை வரவழைக்கும் இந்தப் பூவில் தேன் கிடையாது. ஏமாந்த அந்து பூவுக்குப் பூ அலைந்தால்தான் மகரந்தம் சேரும். காய் அரிதாவதற்கு அதுவும் ஒரு காரணம். கிடைத்தால் இறகு வெளியே தெரிய விதையை ஊன்றுங்கள், இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். ஆனால் தாயின் நிறம் வருமென்று நம்பமுடியாது, பூவுக்கு மூன்று ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம். நுனித்தடி ஓரிரு ஆண்டில் பூத்துவிடும். அபூர்வ நிறம் கையில் இருந்து தடி வேர்விட மறுத்தால், அந்த விதைக்கன்றிலேயே ஆப்பு ஒட்டு (கன்றின் தண்டைப் பிளந்து, ஆப்புபோல் சீவிய தடியைச் செருகிக் கட்டுவது) வைக்கலாம்.

எந்த வழியில் வந்த கன்றானாலும் முதல் வாடைமழையில் நிலத்தில் நிற்கவேண்டாம். ஐப்பசி பிறக்குமுன் சாடியைத் தாழ்வாரத்துக்கு ஏற்றி, அடித்தட்டை எடுத்துவிட்டு, தை கழிந்தபின் நிலத்தில் வையுங்கள். கந்தளாய்ப் பக்கம்போல் மழைக்குத் தண்ணீர் தேங்கும் வளவென்றால் ஓரடி உயர மேடு கட்டி, அதன் மேல் நடுங்கள்.