கொள்முதல் ஊழியர்களுக்குப் பயிற்சி: பயிலரங்கா, சான்றிதழா, பணியிட வழிகாட்டியா?

வளரும் நாடுகளில் மருந்தோ விதையோ பாடநூலோ உரிய நேரத்தில் போய்ச் சேராதபோது, 'உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்போம்' என்று நன்கொடை நிறுவனங்கள் முன்வருகின்றன. நல்ல எண்ணம்தான். எந்தப் பயிற்சி என்று யோசிக்காமல் இறங்குவதால்தான் பணம் கரைகிறது.

பெரும்பாலும் தேர்வாவது பயிலரங்கம். விடுதி அரங்கம், ஐந்து நாள், முப்பது பேர், முடிவில் குழுப்படம். நடத்துவது எளிது, அறிக்கையில் காட்ட எண்ணிக்கையும் கிடைத்துவிடும். தினப்படி உண்டு என்பதால் யார் போவது என்பதைப் பணிமூப்பு முடிவு செய்கிறது. கிடங்கில் இருப்பு அட்டை எழுதுபவருக்கு அழைப்பே வருவதில்லை. ஆனாலும் விதிகள் மாறும்போது பயிலரங்கம் தேவை. 2016 ஜூலையில் உலக வங்கி தன் கொள்முதல் விதிமுறைகளை மாற்றி, பணத்துக்கேற்ற பயன் என்ற அளவுகோலை முன்வைத்தது. அப்படிப்பட்ட மாற்றத்தை எல்லா அலுவலகங்களும் ஒரே விதமாகப் புரிந்துகொள்ள அனைவரையும் ஓரிடத்தில் உட்காரவைப்பதே நல்லது.

அடுத்தது சர்வதேசச் சான்றிதழ். பிரிட்டனில் 1932-இல் தொடங்கிய 'சிப்ஸ்' என்ற கொள்முதல் தொழில்முறை அமைப்பின் படிநிலைத் தேர்வுகள் பல நாடுகளில் மதிக்கப்படுகின்றன. இதன் பெரிய பலன் கௌரவம். 'இந்த டெண்டரை இவருக்கே கொடு' என்று மேலிடம் அழுத்தும்போது, தொழில் நெறியைச் சுட்டிக்காட்டி மறுக்க ஓர் அதிகாரிக்கு அது துணிவு தரும். செலவும் காலமும் அதிகம். படித்து முடித்தவரைத் தனியார் நிறுவனம் கூடுதல் சம்பளத்தில் கொண்டுபோய்விடும். இத்தனை ஆண்டுகள் விலகக்கூடாது என்று பத்திரம் எழுதி வாங்குவதால் ஆளைக் கட்டிப்போடலாம், ஆர்வத்தைக் கட்டிப்போட முடியாது. சான்றிதழுக்கேற்ற பதவியையும் ஊதியத்தையும் அரசு முதலில் உருவாக்காவிட்டால், ஒருசிலருக்கு மேல் இதில் அனுப்ப வேண்டாம் என்பேன்.

என் வாக்கு பணியிட வழிகாட்டிக்கு, அதாவது வேலை நடக்கும் இடத்திலேயே ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் நிபுணருக்கு. ஒரு மருந்துக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் 900 பெட்டிகள் வெளியே போயிருக்கின்றன. ஆறால் வகுத்தால் மாதம் 150. மூன்று மாதத்துக்கு 450 பெட்டிகள் கேட்டு ஊழியர் படிவத்தை அனுப்புகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வழிகாட்டி இருப்பு அட்டையைப் புரட்டச் சொல்கிறார். நடுவில் இரண்டு மாதம் கையிருப்பு பூஜ்யம்! மருந்து இருந்த நான்கு மாதங்களால் வகுத்தால் 225, தேவை 675. பழைய கணக்கில் போயிருந்தால் மூன்றாம் மாதம் கிடங்கு மறுபடியும் காலி. இந்தச் சூத்திரம் பயிலரங்கக் கையேட்டிலும் இருக்கும். தன் அட்டையில், தன் கையெழுத்தில் அந்தப் பூஜ்யங்களைப் பார்த்தவருக்குத்தான் அது மனதில் பதியும்.

கொள்முதல் மேசையிலும் அப்படித்தான். கடல்வழி இறக்குமதியில் 'சி.ஐ.எஃப்.' என்றொரு விற்பனை முறை உண்டு; அதில் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவர் செலுத்துகிறார். சேதப் பொறுப்போ ஏற்றுமதித் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியதுமே வாங்குபவர் தலையில் வந்துவிடுகிறது. தேர்வில் இதைச் சரியாக எழுதியவர்கூட, நனைந்த பெட்டிகள் வந்திறங்கும்போது காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோராமல், விற்றவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக்கூடும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும்.

இணையவழிப் படிப்பு மலிவு. அடிப்படைச் சொற்களைக் கற்க உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மேற்படிப்புக்குத் தொலைதூர நாடுகளுக்கு அனுப்புவதைவிட, ருவாண்டா பல்கலைக்கழகத்தில் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளுக்காக இயங்கும் தடுப்பூசி, சுகாதார விநியோகச் சங்கிலி மையம் போன்ற வட்டார ஏற்பாடுகள் மேல். அங்கே பாடமாக வரும் சாலையும் மின்வெட்டும் மாணவர்கள் அறிந்தவை.

வழிகாட்டி முறையிலும் ஆபத்து உண்டு. அவசரத்தில் நிபுணரே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுவார். அவர் விமானம் ஏறியதும் மேசை பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே அவருடைய ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்: முதல் கொள்முதல் சுற்றை இருவரும் சேர்ந்து செய்வது, இரண்டாவது சுற்றில் தேவைக் கணக்கு, டெண்டர் ஆவணம், மதிப்பீட்டு அறிக்கை மூன்றையும் உள்ளூர் ஊழியரே தயாரிப்பது, பிழைகளை வழிகாட்டி குறித்துக் கொடுக்கலாம், திருத்தி எழுதக் கூடாது. அவருக்கான கடைசித் தவணைப் பணம் இந்த இரண்டாவது சுற்று முடிந்த பிறகே.