சாவியின் மீது விழுந்த பழி: கீலெஸ் என்ட்ரியுடன் ஏழு ஆண்டுகள்

2018-இல் வாங்கிய எங்கள் சிறிய காரில் கீலெஸ் என்ட்ரி வசதி உண்டு. சாவி சட்டைப்பையில் இருந்தால் போதும். கதவுக் கைப்பிடியிலுள்ள சிறு கறுப்புப் பொத்தானை அழுத்தினால் பூட்டு திறந்துவிடும். முதல் ஐந்து ஆண்டுகளில் சாவிக்குள் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை இரண்டு முறை மாற்றியதைத் தவிர, இதற்காக நான் எதுவும் செய்ய நேர்ந்ததில்லை.

ஆறாம் ஆண்டு ஐப்பசி மழையில்தான் தொல்லை தொடங்கியது. காலையில் கிளம்பும்போது ஓட்டுநர் பக்கக் கதவு திறக்க மறுக்கும். நண்பகலில் ஒன்றுமே நடவாததுபோலத் திறக்கும். குளிர்ந்த வேளையில் பேட்டரியின் மின்னழுத்தம் சற்று இறங்கும் என்பதால் அதையே முதலில் சந்தேகித்துப் புதியது போட்டேன். அன்று பிற்பகல் கதவு உடனே திறந்தது, அடுத்த மூன்று நாட்களும் நல்ல வெயில், சிக்கல் தீர்ந்தது என்றே நம்பிவிட்டேன். நான்காம் நாள் இரவு மழை பிடித்தது. மறுநாள் காலை மீண்டும் அதே நிலை. சர்வீஸ் சென்டரில் பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, சாவியையே மாற்ற வேண்டும், 12,000 ரூபாய் ஆகும் என்றார்கள். சோதிக்காமல் ஊகித்துவிட்டு, அந்த ஊகத்துக்கு வாடிக்கையாளரைப் பணம் கட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வசதி இயங்கும் முறையை அறிந்துகொண்டால் பழுதைத் தேடுவது எளிது. பொத்தானை அழுத்தியதும் கார், கைப்பிடியிலுள்ள ஆன்டெனா வழியாகப் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓர் அழைப்பை விடுக்கிறது; அது ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம்தான் எட்டும். அதைக் கேட்டு விழித்துக்கொள்ளும் சாவி, இந்திய வண்டிகளில் வழக்கமாக 433 மெகாஹெர்ட்ஸில் தன் குறியீட்டைப் பதிலாக அனுப்புகிறது. குறியீடு பொருந்தினால்தான் பூட்டு திறக்கும்.

பழுது தலைகாட்டிய ஒரு காலையில் சாவியிலுள்ள ரிமோட் பொத்தானை இருபதடி தள்ளி நின்று அழுத்தினேன், கதவு திறந்தது. ஆகவே சாவியின் பதிலைக் கார் சரியாகவே பெறுகிறது. சாவியைப் பையில் வைத்துக்கொண்டு இடப்பக்கக் கதவின் பொத்தானை அழுத்தியபோதும் திறந்தது. சாவிக்கு அழைப்பும் கேட்கிறது. வீட்டிலிருந்த மாற்றுச் சாவியை எடுத்து வந்தாலும் வலப்பக்கக் கதவு மட்டும் அசையவில்லை. அந்தக் கணமே சாவி குற்றமற்றது என்று உறுதியாயிற்று. எஞ்சியவை வலப்பக்கக் கைப்பிடியும் அதற்குச் செல்லும் ஒயர்களும்தான். கதவு சரியாகத் திறந்துகொண்டிருந்த ஒரு நண்பகலில் அந்தக் கைப்பிடியின் மீது ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு அழுத்தினேன், திறக்கவில்லை.

பழக்கமான ஓர் எலக்ட்ரீஷியன் கைப்பிடியைக் கழற்றினார். பொத்தானின் ரப்பர் உறையில் வெயிலால் மயிரிழை அளவுக்கு வெடிப்பு விழுந்திருந்தது. உள்ளே சுவிட்சின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நல்ல சுவிட்சை அழுத்தினால், மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் ஏறத்தாழ சுழிய ஓம் காட்ட வேண்டும். இதிலோ எண் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் இடையே தாவிக்கொண்டிருந்தது. அழுத்தும் செய்தி காரின் கணினிக்கே போய்ச் சேராதபோது அழைப்பு எப்படிப் பிறக்கும்? சுவிட்சும் கூலியும் சேர்த்து 900 ரூபாயில் வேலை முடிந்தது.

அதன்பின் ஒரு முழு மழைக்காலம் கடந்துவிட்டது. கதவு ஒருமுறைகூடத் தகராறு செய்யவில்லை. சாவிக்குள் செருகியிருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறப்பதையும், பேட்டரி தீர்ந்துபோனால் சாவியை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டிப் பிடித்து வண்டியைக் கிளப்புவதையும் வீட்டில் எல்லோருக்கும் பழக்கிவைத்திருக்கிறேன். வண்டி கழுவுமிடத்தில் கைப்பிடிகளின் மீது நேராக அழுத்த நீரைப் பாய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இடப்பக்கப் பொத்தானின் ரப்பருக்கும் அதே வயதுதானே.