கோடியா, ப்ளெக்ஸா, ஜெல்லிஃபினா: வீட்டுப் படங்களை எதில் வைப்பது?

எங்கள் வீட்டு அலமாரியில் நூற்றுச் சொச்சம் டிவிடி இருந்தது. கூடவே 1996-இல் நடந்த அக்கா கல்யாணத்தின் நான்கு விஎச்எஸ் கேசட், தாத்தாவின் சதாபிஷேக சிடி, பழைய கேம்கார்டரில் எடுத்த கோயில் திருவிழாக்கள். இத்தனையையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஹால் டிவியிலும் அப்பா அறை டிவியிலும் ரிமோட்டைத் தட்டினால் வரும்படி செய்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். முதலில் கோடி, அப்புறம் ப்ளெக்ஸ், கடைசியில் ஜெல்லிஃபின் என்று மூன்று மென்பொருளையும் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தாயிற்று. இப்போது ஓடுவது ஜெல்லிஃபின். அதன் பக்கம் நான் சாய்ந்துதான் எழுதுகிறேன், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

மூன்றும் படத்தை ஓட்டும், போஸ்டரை இறக்கிக் காட்டும், சப்டைட்டில் போடும், விட்ட இடத்திலிருந்து தொடரும். இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் அமைப்பில்தான் இருக்கிறது. கோடி, டிவி பாக்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து ஓடும் பிளேயர். ப்ளெக்ஸும் ஜெல்லிஃபினும் ஒரு சர்வரில், அதாவது படங்களை வைத்திருக்கும் தனிக் கணினியில் ஓடும், டிவியில் அதற்கான ஆப் மட்டும் இருக்கும். பூர்வீகம் பார்த்தால் எல்லாம் பங்காளிகள்தான். பழைய எக்ஸ்பாக்ஸுக்காக எழுதிய எக்ஸ்பிஎம்சி 2014-இல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே எக்ஸ்பிஎம்சியிலிருந்து கிளைத்துத் தனியாகப் போனது ப்ளெக்ஸ். எம்பி என்ற இன்னொரு சர்வர் மென்பொருள் 2018 கடைசியில் தன் மூலநிரலை மூடியபோது, அதற்கு முன்பு திறந்திருந்த நிரலை எடுத்துச் சிலர் தனியாக வளர்த்ததுதான் ஜெல்லிஃபின்.

கோடியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எந்த ஃபைலைக் கொடுத்தாலும் ஓட்டும். டிவிடியை ஐஎஸ்ஓ என்ற ஒரே ஃபைலாக அப்படியே எடுத்து வைத்தால் மெனுவோடு திறக்கும். பழைய டிவிடிகளிலும் கேசட்டிலிருந்து எடுத்த வீடியோக்களிலும் அசைவு வந்தால் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியுமே, அதைத் தானே சரிசெய்து காட்டும். டிவி டிடிஎஸ் ஒலியை ஏற்காவிட்டாலும் கோடி தானே பிரித்துக் கொடுத்துவிடும். வீட்டில் ஒரே டிவிதான், அதில் நீங்கள் மட்டும்தான் பார்க்கிறீர்கள் என்றால் மேலே படிக்கவே வேண்டாம், கோடியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இரண்டாவது டிவி வந்ததும் கதை மாறுகிறது. கோடியின் லைப்ரரி ஒவ்வொரு பாக்ஸுக்குள்ளும் தனித்தனியாக இருக்கும். ஹாலில் பாதி பார்த்ததை அறையில் தொடர முடியாது, ஒரு படத்தின் விவரத்தை இங்கே திருத்தினால் அங்கேயும் திருத்த வேண்டும். இதற்கு வழி இருக்கிறது. மரியாடிபி என்ற தரவுத்தளத்தை இன்னொரு கணினியில் நிறுவி, இரண்டு பாக்ஸையும் அதோடு இணைக்கலாம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் இரண்டு பாக்ஸிலும் கோடி ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். பதிப்பு 20 தேடுவது 121 என்ற எண்ணுள்ள தரவுத்தளத்தை, பதிப்பு 21 தேடுவது 131-ஐ. ஒரு பாக்ஸ் 21-க்கு ஏறி மற்றது 20-லேயே நின்றுவிட்டால், இரண்டும் வேறு வேறு லைப்ரரியைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, அப்பா போனில் “படமெல்லாம் காணோம்ப்பா” என்று சொல்லும்போது இதை விளக்குவது நடக்கிற காரியமில்லை.

ப்ளெக்ஸ் நேர் எதிர். பத்து நிமிடத்தில் நிறுவிவிடலாம், ஆப் ஏறக்குறைய எல்லா டிவியிலும் கிடைக்கும், பார்க்கவும் மூன்றில் அதுதான் அழகு. என் வீட்டில் ஓடிய எட்டு மாதத்தில் ஒருநாள்கூடத் தகராறு செய்ததில்லை, அம்மா யாரையும் கேட்காமல் தானே பழகிக்கொண்டார். அந்த நிறுவனத்தின் இலவசப் படங்களும் முன்பக்கத்தில் வந்து நிற்கும், ஆனால் அவற்றை ஒருமுறை எடுத்து ஒளித்துவிட்டால் போதும்.

யோசிக்க வைத்தது இரண்டு விஷயம். முதலாவது காசு. 2025 ஏப்ரல் 29-இலிருந்து ப்ளெக்ஸின் ஆயுள் சந்தா 120 டாலரிலிருந்து 250 டாலராக ஏறியது. வீட்டுக்கு வெளியிலிருந்து நம் சொந்த வீடியோவைப் பார்ப்பதும் அன்றிலிருந்து கட்டணச் சேவை. கணினியின் கிராபிக்ஸ் பகுதியைக் கொண்டு, டிவி ஏற்கும் வடிவத்துக்கு வீடியோவை மாற்றித் தருவதற்கும் சந்தா வேண்டும். ஒரு நிறுவனம் தன் உழைப்புக்குக் காசு கேட்பதில் எனக்கு வருத்தம் கிடையாது, மாதாமாதம் கட்ட முடிகிறவர்களுக்கு அது நியாயமான பேரம்தான். இரண்டாவது, கணக்கு அவர்களிடம் இருக்கிறது. நம் வீட்டு சர்வருக்குள் நுழையவும் அவர்களுடைய சர்வரில் அடையாளம் காட்ட வேண்டும். வீட்டு நெட்வொர்க்கிலிருந்து வருகிறவர்களுக்கு இது வேண்டாம் என்று சொல்ல செட்டிங்ஸில் வழி இருக்கிறது. ப்ளெக்ஸ் போடுவதானால் இன்டர்நெட் நன்றாக இருக்கும்போதே அதைச் செய்துவையுங்கள், இணைப்பு போனபிறகு அல்ல.

இனி ஜெல்லிஃபின். ஆபீஸில் பயன்படுத்தி ஒதுக்கிய சின்ன கணினி ஒன்றை வாங்கினேன், எட்டாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ரேம். டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு அதன்மேல் ஜெல்லிஃபின். சும்மா இருக்கும்போது 12 வாட் இழுக்கிறது, இரண்டு மாத மின்கணக்கில் பதினேழு யூனிட் அளவுக்கு வரும். வீடியோவை மாற்றும் வசதியான இன்டெலின் குவிக் சிங்க்கை செட்டிங்ஸில் தேர்ந்தெடுத்துவிட்டால் வீடியோ மாற்றம் முழுக்க கிராபிக்ஸ் பகுதியில் நடக்கும், அதற்குக் காசு இல்லை. டிவிடி சப்டைட்டில் படவடிவில் இருப்பதால் பல டிவிகளில் அதைக் காட்டவே சர்வர் வீடியோவை மாற்ற வேண்டியிருக்கும். அதையும் இந்தப் பழைய கணினி மூச்சு வாங்காமல் செய்கிறது.

ஆனால் இதற்காகவெல்லாம் நான் ஜெல்லிஃபினில் தங்கவில்லை. தங்கியதற்குக் காரணம் என்எஃப்ஓ, அதாவது வீடியோவின் விவரத்தை எழுதிவைக்கும் சின்ன ஃபைல்.

வீட்டு வீடியோக்களை வைத்திருப்பவர்களுக்குத்தான் இது புரியும். சினிமாப் படம் என்றால் டிஎம்டிபி தளத்திலிருந்து கதை, நடிகர், போஸ்டர் எல்லாம் தானாக இறங்கிவிடும். அதிலேயே கொஞ்சம் கவனம் வேண்டும். பில்லா என்று மட்டும் ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால் 1980-இல் வந்ததா, 2007-இல் வந்ததா என்று மென்பொருள் என்ன கண்டது? பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் வருடத்தைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் குழம்பினால் டிஎம்டிபி எண்ணையே ஃபோல்டர் பெயரில் சேர்க்கலாம். ஜெல்லிஃபினுக்குச் சதுர அடைப்பு, ப்ளெக்ஸுக்கு நெளி அடைப்பு. ஆனால் அக்கா கல்யாணத்துக்கு டிஎம்டிபியில் பக்கம் இருக்காது. மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், ஊஞ்சல், பந்தி என்று நான் வெட்டி வைத்திருக்கும் துண்டுகளில் யார் யார் வருகிறார்கள் என்பது அம்மாவின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

அதை எழுதி வைப்பதுதான் உண்மையான வேலை, எந்த மென்பொருளைப் போட்டாலும் நாம்தான் செய்தாக வேண்டும். அப்படி எழுதியது எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். ப்ளெக்ஸில் நாம் செய்யும் திருத்தம் அதன் தரவுத்தளத்துக்குள் போய்விடும். கோடியில் தரவுத்தளத்திலிருந்து தனி ஃபைல்களாக ஏற்றுமதி செய்யலாம், ஆனால் அதை நினைவு வைத்து நாம்தான் செய்ய வேண்டும். ஜெல்லிஃபினில் லைப்ரரி செட்டிங்ஸுக்குப் போய், விவரங்களை என்எஃப்ஓவாகச் சேமி, படங்களை மீடியா ஃபோல்டரிலேயே வை என்று இரண்டு டிக் போட்டால் முடிந்தது. அதற்குப்பின் நான் திரையில் திருத்துவதெல்லாம் அந்த வீடியோவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன எழுத்து ஃபைலாக வந்து உட்காரும். நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம். கோடிக்கும் அதே வடிவம்தான், நாளைக்கு ஜெல்லிஃபின் வேண்டாம் என்று தோன்றினாலும் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனால் எழுதியதெல்லாம் கூடவே வரும்.

நான் செய்தது இது. வீட்டு வீடியோக்களுக்குத் தனி லைப்ரரி, வகை மட்டும் ‘திரைப்படங்கள்’, இணையத்திலிருந்து விவரம் எடுக்கும் டிக் அத்தனையும் நீக்கம். அப்போதுதான் நடிகர்கள் என்ற பகுதி கிடைக்கும், அதில் சொந்தக்காரர்களின் பெயரைப் போட்டுவிட்டேன். இப்போது பாட்டியின் பெயரைத் தட்டினால் பாட்டி வருகிற ஒன்பது வீடியோவும் வரிசையாக வந்து நிற்கிறது. முகத்துக்கு ஒரு படமும் ஏற்றிவைக்கலாம். அம்மாவும் நானும் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதைச் செய்தோம். மணமேடைக்கு இடப்பக்கம் நிற்பவரை நான் சித்தப்பா என்று எழுதியபோது, “அது உங்க சித்தப்பா இல்லடா, நாதஸ்வரக்காரரோட தம்பி, கூட்டத்துல கைமாத்தா சீர்த்தட்டு புடிச்சார்” என்றார். அந்த வரி அப்படியே அந்த ஃபைலில் இருக்கிறது.

ஃபைலுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓர் எல்லை மட்டும் உண்டு. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும், உயிர்மெய்யின் துணைக்குறிக்கும் தனியாக மூன்று. ‘பெரியத்தை’ என்ற ஒரு சொல்லுக்கே 27 பைட் போய்விடும். அதனால் பெயரைச் சுருக்கமாக வைத்து, கதையெல்லாம் என்எஃப்ஓவுக்குள் எழுதுங்கள். இன்னொன்று, அந்த ஃபோல்டரில் எழுதும் அனுமதி ஜெல்லிஃபினுக்கு இருக்க வேண்டும். நான் முதலில் படிக்கும் அனுமதி மட்டும் கொடுத்திருந்தேன், ஒரு வாரம் திருத்தியது எதுவும் டிஸ்க்கில் ஏறவில்லை.

இதன் அருமை எனக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரிதான் முழுசாகத் தெரிந்தது. 2025 அக்டோபரில் வந்த 10.11 பதிப்பில் உள்ளே இருக்கும் தரவுத்தளத்தையே மாற்றி அமைத்திருந்தார்கள், நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஏறுங்கள் என்று தெளிவாகவும் சொல்லியிருந்தார்கள். நான் நகல் எடுக்கவில்லை. மாற்றம் நடந்துகொண்டிருந்தபோது கணினி அசையாமல் இருக்கிறதே என்று பட்டனை அழுத்தி அணைத்துவிட்டேன். தரவுத்தளம் போயிற்று. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவி டிஸ்க்கைக் காட்டினேன். ஒரு மணி நேரத்தில் போஸ்டர், விவரம், பாட்டியின் ஒன்பது வீடியோ, நாதஸ்வரக்காரரின் தம்பி எல்லாம் திரும்பி வந்துவிட்டன. வராதது ஒன்றே ஒன்று, அப்பா அந்தப் பழைய தொடரில் எத்தனையாவது பாகத்தில் நிறுத்தியிருந்தார் என்பது. அதையும் என்எஃப்ஓவில் எழுதிவைக்க ஒரு செட்டிங் இருக்கிறது, ஒரு பயனருக்கு மட்டும். இப்போது அதில் அப்பாவின் பெயரைப் போட்டிருக்கிறேன். தரவுத்தளத்தின் நகலும் வாரம் ஒருமுறை தனி பென்டிரைவுக்குப் போகிறது.

ஜெல்லிஃபின் தோற்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பதில் ப்ளெக்ஸ்தான் எளிது. நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே இணைய முகவரி (ஐபிவி4), வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழி இருக்காது. ப்ளெக்ஸிடம் நடுவில் நின்று கடத்தும் ரிலே உண்டு, வேகம் குறைவுதான், சந்தா இருந்தாலும் 2 எம்பிபிஎஸ். ஜெல்லிஃபினில் அப்படி எதுவும் கிடையாது. நான் டெயில்ஸ்கேல் போட்டிருக்கிறேன், வெளியில் இருக்கும் கருவியை வீட்டு சர்வரோடு பாதுகாப்பாக இணைக்கும் மென்பொருள் அது. சிங்கப்பூரில் இருக்கும் அக்காவின் டிவி பாக்ஸிலும் அதை நிறுவ வேண்டியிருந்தது, வீடியோ கால் போட்டு முக்கால் மணி நேரம் ஆனது. பத்து உறவினருக்கு இதைச் செய்துகொடுக்கப் பொறுமை இல்லையென்றால் ப்ளெக்ஸுக்குச் சந்தா கட்டுங்கள். ஜெல்லிஃபின் சர்வரின் போர்ட்டை, அதாவது உள்ளே நுழையும் வாசலை மட்டும் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் அப்படியே வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள்.

டால்பி விஷன் டிவி எங்கள் வீட்டில் இல்லை, அந்த விஷயத்தில் என் பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டாம். முன்னே சொன்ன எம்பி சர்வரை இரண்டு வாரம்தான் ஓட்டினேன், பார்க்க நேர்த்தியாக இருந்தது, அதற்குமேல் தீர்ப்பு சொல்லும் அளவுக்குப் பழகவில்லை. நல்ல ஒலிபெருக்கி வைத்திருப்பவர்கள் சர்வராக ஜெல்லிஃபினையும் அதன் ஆட்-ஆன் வழியாக டிவி பாக்ஸில் கோடியையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். ஹாலில் நானும் இரண்டு மாதமாக அப்படி வைத்திருக்கிறேன், இதுவரை நன்றாகவே போகிறது.

போன வாரம் அக்கா பந்தி வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். மூன்றாவது வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் பெண், அவளோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவளாம். பெயரைக் கேட்டு நடிகர் பட்டியலில் சேர்த்தேன். பந்தியில் மட்டும் இன்னும் பதினோரு பேருக்குப் பெயர் தெரியவில்லை.