ஆறு லட்சம் மலிவு என்று வாங்கிய கார்

வவுனியாவில் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். விற்பனை நிலையத்தின் பெயரை எழுதவில்லை. வழக்குப் போடவும் எனக்கு வசதியில்லை, வழக்கு வாங்கவும் வசதியில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி திறந்துவிட்டார்கள். இடையில் பழைய கார்கள் விற்ற விலை உங்களுக்கே தெரியும். 2023இல் நான் அலைந்துகொண்டிருந்தபோது, மற்ற இடங்களைவிட ஆறு லட்சம் குறைவாக அங்கே ஒரு வெள்ளைக் கார் நின்றது.

ஏன் குறைவு என்று கேட்டேன். கேட்காமல் ஏமாந்தான் என்று யாரும் சொல்லக் கூடாது. "சொந்தக்காரர் வெளிநாடு போகிறார் தம்பி, அவசரக் காசு" என்றார் முதலாளி. வன்னியில் வெளிநாடு போகாத வீடு எது? நம்பினேன். இலக்கத்தகடு வன்னியினது அல்ல, கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்தது என்பதைக் கண்ணால் கண்டும் நம்பினேன். கராச்சில் காட்டிவிட்டு வாங்குவோம் என்றார் மாமா. மத்தியானம் வேறொருவர் பணத்தோடு வருகிறார் என்று முதலாளி சொன்னதும், மாமாவின் வாயை நானே அடைத்தேன். ஆங்கிலத்தில் நீட்டிய தாளிலும் கையெழுத்து வைத்தேன்.

இரண்டு மாதம் குறையில்லை. மாரி மழை தொடங்கிய கிழமை, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் சரையோடு வந்து ஏறினால், கார் மூச்சே விடவில்லை. நான் உடைத்த தேங்காய் அழுகல் என்றுதான் மாமி இன்றுவரை நம்புகிறார்.

கிளிநொச்சியில் மெக்கானிக் அண்ணை எஞ்சினைத் திறக்கவே இல்லை. ஆசனப்பட்டியைக் கடைசிவரை இழுத்தார். வழக்கமாக வெளியே வராத அடிப்பகுதியில் மண்ணிறக் கோடு ஒன்று, கிணற்றுச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம் போல. தரைவிரிப்பைக் கிளப்பினால் மாவு போன்ற சாம்பல் நிறச் சேறு. எங்கள் செம்மண் இல்லை அது. இருக்கை ஆணிகளில் துரு, வயர் முனைகளில் பச்சை பூத்திருந்தது. "வெள்ளத்தில் கிடந்த வாகனம் தம்பி. கழுவிக் காயவைத்தால் கொஞ்ச நாள் ஓடும். பிறகு வயர்களைத் துரு தின்னும்" என்றார். 2016 மே மாதம் களனி ஆறு பெருகிக் கொலன்னாவை, கடுவலைப் பக்கம் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவன்தான் நானும். அந்த வெள்ளமா, வேறொன்றா, யார் சொல்வார்?

மலிவாக விற்கிறவனெல்லாம் கள்ளன் என்று சொல்ல வரவில்லை. அதே இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய பட்டா என்ற சின்ன லொறி என் காரைவிட மலிவு. இன்றும் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறது. அதன் கதவு நசுங்கியிருந்தது, அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தார்கள். என் காரின் பழுது விலையில் மட்டும்தான் தெரிந்தது. விலை கூட்டிச் சொல்பவரிடம் வெள்ளத்தில் கிடந்த கார் இருக்காது என்றும் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

வயர் மாற்றவே மூன்று லட்சம் போய்விட்டது. திரும்பிப் போய்க் கேட்டேன். முதலாளி கோபப்படவில்லை, தேநீர் வரவழைத்தார். "கையெழுத்து உங்களுடையதுதானே தம்பி?" என்றார். குடிக்காமல் எழுந்து வந்தேன்.

போன கிழமை அந்தப் பக்கம் போனபோது, என் கார் நின்ற இடத்தில் இன்னொரு வெள்ளைக் கார் நின்றது. விலையும் குறைவுதான். போகிறவர்கள் ஆசனப்பட்டியை முழுவதும் இழுத்துப் பாருங்கள்.