மூடியிருக்கும் நாளுக்கு டிக்கெட் விற்று 268 யூரோவைச் சுருட்டிவிட்டார்கள்: பிராக் போகிறவர்கள் கவனத்துக்கு

செக் நாட்டுத் தலைநகர் பிராகில் யூதர் பகுதியைச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நேற்று எங்கள் நான்கு பேருக்கு 268 யூரோ போய்விட்டது. வியன்னா போகும் ரயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அப்பா பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவர். பிராக் என்றதும் அவர் கேட்டது கோட்டையை அல்ல, சார்லஸ் பாலத்தையும் அல்ல. பிங்காஸ் யூத ஆலயத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார். நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய (இன்றைய செக் நாட்டுப் பகுதிகள்) யூதர்கள் கிட்டத்தட்ட 80,000 பேருடைய பெயர்களை அதன் உள்சுவர்களில் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். மாடியில், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த தெரேசின் முகாமில் இருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். ஒட்டினாற்போல் பழைய கல்லறைத் தோட்டம். இடம் போதாமல் மண்ணைக் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்ததால் சுமார் 12,000 கற்கள் ஒன்றோடொன்று நெருக்கிச் சாய்ந்து நிற்கின்றன.

சுற்றுலா டிக்கெட்டுகளை வாங்கி விற்கும் ஒரு இணையதளத்தில் பதிவு செய்தோம். சனிக்கிழமை காலை 10.30, வழிகாட்டியோடு, 'உள்ளே நுழைவு உட்பட' என்று போட்டிருந்தது. அப்போதும் நான் சும்மா பணம் கட்டவில்லை. அவர்களுடைய சாட்டில், "சனிக்கிழமை ஆலயங்களுக்கு உள்ளே போக முடியுமா? வயதானவர்களை அழைத்து வருகிறோம்" என்று கேட்டேன். உடனே பதில் வந்தது: "கண்டிப்பாக முடியும், வழிகாட்டியே உள்ளே அழைத்துப் போவார்." அதை நம்பித்தான் கார்டைப் போட்டேன்.

பழைய நகரச் சதுக்கத்தில், யான் ஹுஸ் சிலைக்குப் பக்கத்தில் ஆரஞ்சுக் குடையோடு ஒரு பையன் நின்றான். முதல் வேலையாக எங்கள் போனில் இருந்த டிக்கெட் கோடுகளை (code) ஸ்கேன் செய்துகொண்டான். 1410இல் செய்த வானியல் கடிகாரத்தைக் காட்டிப் பேசினான், நன்றாகவே பேசினான். அப்புறம் நடந்து யூதர் பகுதிக்குப் போனோம். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, "இன்று சப்பாத், யூதர்களின் ஓய்வு நாள். எல்லாம் மூடியிருக்கும். வெளியிலிருந்தே விளக்குகிறேன்" என்றான். அப்பா பையிலிருந்து குறிப்புநோட்டை வெளியே எடுத்திருந்தார். ஒன்றும் பேசாமல் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

பிங்காஸ் ஆலயமும் கல்லறைத் தோட்டமும் சேர்ந்த யூத அருங்காட்சியகம் எந்தச் சனிக்கிழமையும் திறப்பதில்லை. தினமும் இதையே விற்கிறவர்களுக்கு அது தெரியாதா? தெரிந்தேதான் விற்கிறார்கள்.

அங்கேயே நின்று சாட்டில் கேட்டேன். "உள்ளூர் ஏற்பாட்டாளரைக் கேளுங்கள்." அந்த எண்ணுக்குப் போட்டால், "பணம் எங்களிடம் வரவில்லை, தளத்தைக் கேளுங்கள்." திரும்பத் தளத்துக்கு வந்தால், "24 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்திருந்தால் தந்திருப்போம்." மூடியிருக்கிறது என்பதே அந்த வாசலில்தானே தெரிந்தது, எப்படி முன்னால் ரத்து செய்வது? அதற்குப் பதில் இல்லை. கோடு ஸ்கேன் ஆகிவிட்டதால் 'சேவை வழங்கப்பட்டது' என்று ராத்திரி மின்னஞ்சல் வந்தது, கூடவே அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பன். 268 யூரோவுக்குக் கூப்பன்! அருங்காட்சியகத்தில் நேரடியாக நான்கு டிக்கெட் வாங்கினால் இதில் பாதிகூட ஆகாது. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், ஆனால் எங்களுக்குக் காலையிலேயே ரயில். அந்தச் சுவர்களை அப்பா பார்க்காமலே ஊர் திரும்புகிறார். அந்த வயிற்றெரிச்சலுக்கு யார் பணம் தருவார்கள்?

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் வேண்டவே வேண்டாம். எந்த ஊரானாலும் உள்ளே நுழையும் வரை யாரையும் டிக்கெட்டை ஸ்கேன் செய்ய விடாதீர்கள். சாட்டில் சொல்வதை அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுத்து வைத்ததைக் கொண்டுதான் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன்.